நெத்திலி அவியலும் மஸ்கட் மணிக்கூரும்

கொட்டாரத்தில் நைட்டிக்கடை வைத்திருக்கும் தங்கபாய் என் அண்ணன் பெண்டாட்டி; எனக்கு மைனி. பெரிய வாய்க்காரி. ஆனால் விமானம் என்றால் பயம்; பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவாள். மகள் பிரீனா மஸ்கட்டில் நர்ஸ். கல்யாணமான நாளிலிருந்து கூப்பிடுகிறாள். மைனி பாஸ்போர்ட் எடுத்ததோடு சரி. அது பீரோவில் சேலைக்கடியில் சுகமாகத் தூங்கியது.

பிரீனாவுக்கு மூன்றாம் மாதம். வாயில் வைத்ததெல்லாம் வெளியே வந்தது. வீடியோ காலில் பார்த்தால் பிள்ளை கன்னம் ஒட்டி, பாவமாக இருந்தாள். "அம்மா வைக்கிய நெத்திலி அவியலுன்னா எறங்கும்னு தோணுது" என்றாள். அதைக் கேட்டபின் மைனிக்கு இருப்புக் கொள்ளவில்லை.

மருமகன் பிரபின் லீவு முடிந்து திரும்பப்போகிற சமயம். மைனி அவன் டிக்கெட்டை வாங்கிப் பார்த்தாள். திருவனந்தபுரத்தில் எட்டு மணிக்குப் புறப்பாடு. மஸ்கட்டில் பத்து மணிக்கு இறக்கம்.

"ரெண்டு மணிக்கூர்தானா! நாரோயிலுக்குப் போய் துணி எடுத்துட்டு வரக்கே அவ்வளவு ஆவுமே!"

"மைனி, அங்க கடியாரம் ஒன்றரை மணிக்கூர் பிந்தி. பறக்க மட்டும் மூணரை ஆவும். அதுக்கு முன்ன மார்த்தாண்டத்து ரோட்டு பிளாக்கு, ஏர்போர்ட்டுல காத்துக் கெடப்பு. கறிய ஃப்ரீசர்ல கட்டியாக்கிக் குடுங்க" என்றேன்.

"போட்டி தேவகனி! ஐஸ் வச்ச கறியா எம்புள்ள தின்னணும்? டிக்கெட்டுல அச்சடிச்சவன் பொய்யா சொல்லுகான்?"

பச்சைத் தேங்காயைத் தாராளமாக அரைத்து, மாங்காய் போட்டு, சூட்டோடு டப்பாவில் அடைத்து, டேப் சுற்றிப் பிரபினிடம் கொடுத்துவிட்டாள். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

மறுநாள் போன் வந்தது. "நல்லா இருந்துச்சும்மா" என்றாள் பிரீனா.

"முருங்கக்கா வெந்திருந்துதா மக்கா?"

"ஆமாம்மா, கணக்கா வெந்திருந்து."

"நான் முருங்கக்காயே போடல" என்றாள் மைனி. "டப்பாவத் தொறந்ததும் நாறிட்டும்மா" என்று பிரீனா ஒத்துக்கொண்டாள்.

போனை வைத்துவிட்டு நைட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து அழுதாள். 'அப்பவே சொன்னேனே' என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து மூக்கைச் சிந்திக்கொண்டு நிமிர்ந்தாள்.

"கறிதானேட்டி கெட்டுப்போவும்? நான் கெட்டுப்போவ மாட்டேன்லா!"

விசா வந்தது. பீரோவிலிருந்து பாஸ்போர்ட் எழுந்தது. அண்ணனும் நானும் திருவனந்தபுரம் வரை போய் வழியனுப்பினோம். அவள் கையைப் பிடித்தால் சில்லென்று இருந்தது. உதடு ஜெபித்துக்கொண்டே இருந்தது. அந்த பயத்தோடும் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாளே, அங்கே வைத்தே அவளைக் கட்டிக்கொள்ளலாம்போல இருந்தது எனக்கு.

மறுநாள் பிரீனா கூப்பிட்டாள். "அத்தை, அம்மா இங்க மீன் மார்க்கெட்டுல நெத்திலி வாங்கி அவியல் வச்சா. ரெண்டு தடவ சோறு வாங்கித் தின்னேன்."

"சத்தியமாட்டா?"

"சத்தியமாட்டு."

மைனியிடம் போனைக் கொடுக்கச் சொல்லி, வம்புக்கு இழுத்தேன். "பிளேன்ல எத்தன மணிக்கூர் ஆச்சு மைனி? ரெண்டா, மூணரையா?"

"யாருக்கட்டி தெரியும்? ஏறினதும் கண்ண இறுக்கி மூடினேன். தொறந்தா எம்புள்ள முன்னால நிக்கா."