ஆறு அடையாளம் பொருந்தியது

எண்பதுகளின் நடுவில், ஓர் ஆடி மாத மழையில் நடந்தது இது. அப்போது நான் கொச்சி மட்டாஞ்சேரியில், ஜூ டவுன் பக்கம் இருந்த ஒரு மிளகுக் கிட்டங்கியில் தரம் பார்க்கும் வேலையில் இருந்தேன். போடிப் பக்கமிருந்து பிழைக்க வந்தவன். வந்து இறங்கும் ஒவ்வொரு மூட்டையிலும் குத்தூசியைச் செருகி, உள்ளிருந்து வரும் மிளகைக் கையில் கொட்டிப் பார்த்து, ஈரம் எவ்வளவு, பதர் எவ்வளவு என்று சொல்ல வேண்டும். வெளியே பார்த்தால் எல்லா மூட்டையும் ஒன்றுபோலத்தான் இருக்கும். குத்திப் பார்க்காமல் ஒரு மூட்டையைக்கூட நான் உள்ளே விட்டதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அதற்கு இரண்டு வருடம் முன்பு எனக்கு கவுட் வந்திருந்தது. ரத்தத்தில் யூரிக் ஆசிட் கூடி, மூட்டில் உப்பாகப் படிந்து, கால் பெருவிரல் சிவந்து வீங்கிவிடும் நோய். போர்வை பட்டால்கூட உயிர் போகும். எங்கள் தெரு டாக்டர் ஒரு தாளைப் பார்த்துப் பார்த்து என்னைக் கேள்வி கேட்டார். வெளிநாட்டு மருத்துவர்கள் வகுத்த அடையாளங்களாம். பன்னிரண்டில் ஆறு பொருந்தினால் கவுட் என்று கணக்கு. எனக்கு ஏழு பொருந்தியது. அந்தத் தாளைக் கேட்டு வாங்கி, எனக்குப் புரிந்த வரிகளை மட்டும் தமிழில் என் பாக்கெட் நோட்டில் எழுதிக்கொண்டேன். எக்ஸ்ரே, மூட்டு நீர் என்று வந்த வரிகளை விட்டுவிட்டேன். நம்மால் பார்க்க முடியாததை எழுதி என்ன பிரயோஜனம் என்று நினைத்தேன்.

அதன்பிறகு கிட்டங்கியில் யாருக்குக் கால் வலித்தாலும் நோட்டோடு போய் நின்றுவிடுவேன். இரண்டு பேருக்கு நான் சொன்னது சரியாகவும் இருந்துவிட்டது. போதாதா? 'அரை டாக்டர்' என்று கேலி செய்தார்கள். நான் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டேன்.

எங்களோடு மூட்டை தூக்கும் ஒருவன் இருந்தான். பாலக்காட்டுப் பக்கத் தமிழ் முஸ்லிம் குடும்பம், முப்பது வயது, என்னை வாய் நிறைய அண்ணே என்று கூப்பிடுவான். ஒருநாள் வேலைக்கு வரவில்லை. வீட்டுக்குப் போய்ப் பார்த்தால், வலது முழங்கால் பழுத்த பப்பாளி அளவுக்கு வீங்கிக் கிடந்தது. நான் உடனே நோட்டைத் திறந்தேன்.

ஒரே மூட்டு, சரி. ஒரே நாளில் வீக்கம் உச்சத்துக்குப் போனது, சரி. சிவப்பு, சரி. போன வருடமும் ஒருமுறை முட்டி வலித்தது என்றான், அதையும் சேர்த்துக்கொண்டேன். பெருவிரல் எப்போதாவது வீங்கியதா என்று கேட்டேன். மூட்டை விழுந்து வீங்கியது என்றான். வீங்கியது வீங்கியதுதானே என்று அதற்கும் ஒரு கோடு போட்டேன். லேப்காரரைக் கூட்டிவந்து ரத்தம் எடுக்க வைத்தேன். யூரிக் ஆசிட் கொஞ்சம் கூடுதல். ஆறு! பரீட்சையில் பாஸான மாதிரி எனக்கு ஒரு சந்தோஷம். அவன் கெண்டைக்காலில் மூட்டைக் கொக்கி கிழித்த புண் ஒன்று ஆறாமல் இருந்ததையும் பார்த்தேன். அது நோட்டில் இல்லாததால் கணக்கில் வரவில்லை.

டாக்டரைப் பார்க்கட்டுமா என்று அவன் கேட்டான். எதற்கு என்று சொல்லி, எனக்குக் கொடுத்திருந்த வலி மாத்திரைகளைக் கொடுத்தேன். முதல் நாள் வலி குறைந்தது. இரண்டாம் நாளும் நான் நிம்மதியாகத்தான் இருந்தேன். மூன்றாம் நாள் காலையில் அவன் மனைவி கிட்டங்கி வாசலில் வந்து நின்றாள். காய்ச்சலில் ஆள் தூக்கித் தூக்கிப் போடுகிறது என்றாள்.

எனக்குக் கவுட் வந்தபோது இப்படிக் காய்ச்சலில் நடுங்கியதே இல்லை. நான் சொன்னது தப்பு என்று அப்போதுதான் உறைத்தது. ஆனால் உட்கார்ந்து வருத்தப்பட நேரமில்லை. தெரு டாக்டரைக் கையோடு கூட்டிப் போனேன். அவர் முட்டியைத் தொட்டுப் பார்த்ததும், ஒரு மணி நேரம்கூட வைத்திருக்காதே, அக்கரைக்கு, எறணாகுளம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ என்றார். கிட்டங்கி ஆட்கள் நான்கு பேர் அவனை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு மழையில் போட் ஜெட்டிக்கு நடந்தார்கள். ஏற்ற முடியாது என்று தயங்கிய போட்காரரிடம், அவனில்லாமல் போட் நகராது என்று நான் மல்லுக்கு நின்றேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் பார்த்தார். என்னைவிடப் பத்து வயதாவது சின்னவர். அங்கேயும் என் வாய் சும்மா இருக்கவில்லை. நோட்டை நீட்டி, ஆறு பொருந்தியது டாக்டர் என்றேன். அவர் சிரிக்கவில்லை. மீதி வரிகள் எங்கே என்று கேட்டார். மூட்டிலிருந்து எடுத்த நீரில் கிருமி இருக்கக் கூடாது என்பதும் அந்தப் பன்னிரண்டில் ஒன்றாம். நான் எழுதாமல் விட்டதில் அதுவும் இருந்தது.

மலையாளம் கலந்த தமிழில் அவர் சொன்னார்: "இது ஒரே மாதிரி நோயாளிகளைச் சேர்த்துவச்சுப் படிக்கறதுக்கு உண்டாக்குன லிஸ்டு. ஆறு பொருந்தியும் கவுட் இல்லாத ஆள் உண்டு, பொருந்தாம கவுட் உள்ள ஆளும் உண்டு. முட்டுல ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்த்தாத்தான் என்னால உறப்பா, நிச்சயமாச் சொல்ல முடியும்."

ஊசி என்றதும் அவன் மனைவி கட்டிலுக்குக் குறுக்கே வந்து நின்றுவிட்டாள்.

"வேண்டாண்ணே. முட்டுல குத்துனா நீரு வத்தி காலு நொண்டியாப் போகும்னு எல்லாரும் பறையிறாங்க."

அவன் டாக்டரையும் பார்க்கவில்லை, மனைவியையும் பார்க்கவில்லை. பல் கிடுகிடுக்க என்னைப் பார்த்துக் கேட்டான்.

"நீங்க சொல்லுங்கண்ணே. குத்திக்கட்டுமா?"

இவ்வளவுக்குப் பிறகும் என்னைத்தான் கேட்கிறான். மிளகு மூட்டையைக் குத்தாமல் விடாத நான், இவனைக் குத்திப் பார்க்காமலே தரம் சொல்லியிருக்கிறேன்.

"நான் சொன்னது தப்புடா. என் பேச்சைக் கேட்டுத்தான் இந்தக் கதி. இனி டாக்டர் சொல்றதை மட்டும் கேளு" என்றேன். அவன் மனைவி என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. ஆனால் விலகி நின்றாள்.

ஊசியில் வந்தது சீழ். மைக்ரோஸ்கோப்பில் கவுட்டில் தெரியும் ஊசி மாதிரியான உப்புத் துகள் ஒன்றுகூட இல்லை, கிருமிதான் இருந்தது என்று அன்றைக்கே சொல்லிவிட்டார்கள். கொக்கிப் புண் வழியாகப் போயிருக்கலாமாம். முட்டியைத் திறந்து கழுவினார்கள். வாரக்கணக்கில் ஊசி மருந்து ஏறியது. காலை எடுக்க வேண்டி வருமோ என்று முதல் வாரம் முழுக்கப் பயந்தோம். நான் தினமும் வேலை முடிந்ததும் போட் பிடித்துப் போய்விடுவேன். ஒருநாளும் தவறவில்லை. கால் பிழைத்தது. ஆனால் முட்டி பாதிதான் மடங்கியது. இரண்டு நாள் முன்பே வந்திருந்தால் முழுதும் மடங்கியிருக்கும் என்று அந்த டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார்.

அவனால் மூட்டை தூக்க முடியவில்லை. முதலாளியிடம் நான் விடாமல் போராடி எடைபோடும் இடத்தில் உட்கார வைத்தேன். அண்ணன்தான் காலைக் காப்பாற்றினார் என்று அவன் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான். ஒருநாள் பொறுக்க முடியாமல் அந்த இரண்டு நாள் விஷயத்தை அவனிடம் சொல்லிவிட்டேன்.

"தெரியும்ணே" என்றான். "ரெண்டு நாள் போனதும் உங்களால, தூக்கிட்டு ஓடுனதும் நீங்கதான். நான் ரெண்டையும் மறக்கலை."

இன்றைக்கும் பள்ளிவாசலில் மற்றவர்கள் மண்டியிட்டுக் குனியும்போது அவன் மட்டும் வரிசையின் ஓரத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து தொழுகிறான். அவன் என்மேல் கோபப்படவே இல்லை. அதனால் அந்தக் கோபத்தை நானே என்மேல் அணையாமல் வைத்திருக்கிறேன், இன்னொருவருடைய வலிக்கு நான் மறுபடியும் பெயர் வைத்துவிடக் கூடாது என்பதற்காக.