கிணற்றில் கண்ட பச்சைக் கல்

சுதந்திரம் வந்த மறு வருஷம், குன்னத்துக்குக் கிழக்கே எங்கள் காட்டில் நானும் தம்பியும் கிணறு வெட்டினோம். அவன் கீழே வெட்டுவான், நான் மேலே கூடை இழுப்பேன். மழையை நம்பிப் பருத்தி போட்டு இரண்டு வருஷம் நாசமாய்ப் போயிருந்தோம். தண்ணீர் வராவிட்டால் கோலார் தங்கவயலுக்குப் போய்விடுவேன் என்று தம்பி சொல்லியிருந்தான். அவனை விட்டால் எனக்கு வீட்டில் வேறு ஆள் கிடையாது.

கிளிஞ்சல் அடுக்கைத் தாண்டியதும் பச்சைக் கல் வந்தது. செப்புக் குடத்தில் பிடிக்கிற களிம்பின் அதே நிறம். அந்த மாதம்தான் டீக்கடையில் பத்திரிகை படித்திருந்தேன். மின்சாரக் கம்பிக்குத் தாமிரம் வேண்டும், வெளிநாட்டானிடம் கையேந்தக் கூடாது, சொந்த மண்ணில் தேட வேண்டும் என்று எழுதியிருந்தான். செப்புக் குடத்தைத் தேய்ப்பதுபோல அந்தக் கல்லைப் புளி போட்டுத் தேய்த்தேன். பளிச்சென்று ஆனது. எனக்கு அது போதும். முட்டாள்தனம். எந்தக் கல்லைத் தேய்த்தாலும் அழுக்குப் போகத்தான் செய்யும்.

“வெட்டாதடா, சர்க்கார் ஆளு வந்து பாக்கட்டும்” என்றேன்.

“ஏண்ணே, தாமிரத்தையா செடிக்கு ஊத்தப் போற?”

“நாட்டுக்கே ஆகும்டா.”

“நாட்டுக்கு ஆவட்டும். நமக்கு இன்னும் ரெண்டு ஆள் ஆழம் போனாத் தண்ணி. குறுக்க நிக்காத.”

நான் கடப்பாரையை ஒளித்து வைத்தேன். ஒரு மாதம் பார்த்தான். பிறகு துணியைச் சுருட்டிக்கொண்டு கோலாருக்குப் போய்விட்டான். போயிட்டு வரேன் என்றுகூடச் சொல்லவில்லை.

சர்க்காருக்கு மூன்று மனு போட்டேன். கல்லை எவனாவது திருடிவிடுவான் என்று கிணற்று மேட்டிலேயே கொட்டகை போட்டு உட்கார்ந்தேன். “ராசா, எங்க வூட்டு அண்டாவுக்கு ஒரு தகடு வெட்டிக் குடுங்க” என்று போகிறவர்கள் கேலி செய்தார்கள். கொஞ்ச நாளில் கேலி செய்யவும் யாரும் வரவில்லை. அது இன்னும் மோசம்.

எட்டு மாதம் கழித்து, அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் பார்க்க வந்த ஆபீசர் ஒருவர் வந்தார். கல்லைப் பொடித்துத் திராவகத்தில் போட்டார். பேனாக்கத்தியை அதில் முக்கினார். “தாமிரம் இருந்தா கத்தியில செவப்பாப் படியும்” என்றார். படியவில்லை.

“இது இரும்பு கலந்ததால வந்த பச்சைங்க. கெணத்தை ஏன் பாதியில விட்டீங்க?”

“அப்ப நாட்டுக்குத் தாமிரம், சார்?”

“வடக்க ஓரிடத்துல கொஞ்சம் எடுக்கறாங்க. மீதி கப்பல்லதான் வருது. இன்னும் ரொம்ப நாளைக்கு அப்படித்தான். நீங்க தண்ணியப் பாருங்க.”

பத்திரிகையில் தேடு என்று எழுதினவன், எப்படிப் பரீட்சை பண்ணுவது என்று எழுதவில்லை. அவனைத் திட்டினேன். ஆனால் கடப்பாரையை ஒளித்தது அவனில்லை, நான்.

தாமிரமும் இல்லை, மண்ணும் இல்லை, வந்துவிடு என்று தம்பிக்குக் கார்டு போட்டேன். பதில் வந்தது. “சுரங்கத்துல சேந்துட்டேன். பொண்ணும் இங்கியே பாத்தாச்சு. ஆள் வச்சு வெட்டிக்க.”

நான் ஆள் வைக்கவில்லை. வீம்பு. ஏணியில் இறங்கிக் கூடையை நிரப்புவேன். மேலே ஏறி வந்து இழுப்பேன். கொட்டிவிட்டு மறுபடி இறங்குவேன். மாசியில் ஒரு நாள் கடப்பாரை போட்ட இடத்தில் ஈரம் கசிந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கணுக்கால் நனைந்தது.

“வந்துட்டுதுடா!” என்று அண்ணாந்து கத்தினேன்.

மேலே யாரும் எட்டிப் பார்க்கவில்லை.