மாமா தாவிய இடம்

ஐந்தாம் வகுப்பில் எங்கள் டீச்சர் சம்பவப் பந்தி எழுதப் படிப்பித்ததிலிருந்து கொழும்பில் எங்கள் வெள்ளவத்தை ஃப்ளாட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை. யார், எங்கே, எப்போது என்று முதலில் சொல்ல வேண்டும்; நடந்ததை நடந்த ஒழுங்கில் சொல்ல வேண்டும்; நடுவில் தாவக் கூடாது. மீன்காரனோடு பட்ட சண்டையை அம்மா சொல்லத் தொடங்கினால், "முதல்ல எங்க எண்டு சொல்லுங்கோ" என்று மறிப்பேன். அப்பா தான் வேலைசெய்யும் கந்தோரில் நடந்த கதைகளை என் முன்னால் எடுப்பதையே விட்டுவிட்டார்.

அந்த நாட்களில்தான் அம்மாவின் தம்பி, என் மாமா, போர் நடந்த வன்னியிலிருந்து தனியே வந்து எங்கள் ஹோலில் தங்கியிருந்தார். மாமியும் அவர்களின் மகளான என் வயது மச்சாளும் வரவில்லை. ஏன் என்று மாமாவிடம் கேட்கவே கூடாது என்று அம்மா என் காதைத் திருகிச் சொல்லியிருந்தார். வெளிநாடு போவதற்கு மாமாவுக்கு எம்பசியில் ஓர் இன்டர்வியூ இருந்தது. தனக்கு நடந்ததை அங்கே சொல்ல வேண்டும். அவர்கள் நம்பினால் விசா, இல்லாவிட்டால் திரும்பவும் வன்னிதான்.

ஒரு ஞாயிறு பின்னேரம் ஒத்திகை நடந்தது. அப்பா சாரத்துக்கு மேல் கந்தோர்ச் சட்டையை மாட்டிக்கொண்டு எம்பசி அதிகாரியாக மேசையில் அமர்ந்தார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"சொல்லுங்கோ மிஸ்டர், அண்டைக்கு என்ன நடந்தது?"

மாமா நன்றாகவே தொடங்கினார். விடிகாலை, ஷெல்லுக்குப் பதுங்கும் பங்கரின் வாசல், மாமி அடுப்பு மூட்டியது, பால்மா இல்லையென்று மச்சாள் சிணுங்கியது. டீச்சர் கேட்டிருந்தால் மெச்சியிருப்பார்.

"நான் தண்ணி அள்ளப் போனனான்," என்றார். கடற்கரைப் பக்கம் ஒரு ரயில் இரைந்துகொண்டு போனது. அது போய் முடிந்ததும், "பிறகு, வவுனியா முகாமில இருந்தனான்," என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "மாமா, நடுவில தாவிட்டீங்கள்!"

குசினியில் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. அப்பா சட்டைப் பொத்தான்களைக் கழற்றத் தொடங்கினார். மாமா மட்டும் சிரித்தார்.

"ஓம் பிள்ளை, தாவிட்டன்."

எம்பசியிலும் அதே இடத்தில்தான் தாவியிருக்கிறார். கதையில் தொடர்ச்சி இல்லை என்று பதில் வந்தது. அம்மா அழுதார். எனக்கோ உள்ளுக்குள் பெருமை. வெள்ளைக்கார அதிகாரியும் எங்கள் டீச்சர் சொன்னதையே சொல்லிவிட்டாரே!

மாமா பையில் உடுப்பு அடுக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, அடுத்த முறைக்கு வழி சொல்லிக் கொடுத்தேன். "தண்ணி அள்ளிக்கொண்டு வந்து என்னத்தைக் கண்டீங்கள் எண்டு சொன்னாச் சரி மாமா. ஒரு வசனம் காணும்."

மாமா என் தலையைத் தடவினார். அந்த ஒரு வசனத்தைச் சொல்லாதவரைக்கும்தான் மாமி அவருக்கு அடுப்பு மூட்டிக்கொண்டும், மச்சாள் பால்மா கேட்டுக்கொண்டும் இருப்பார்கள் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.