ஷிப்டு மாத்துற சீட்டு

போன வாரம் ஆபீஸ் கேண்டீனில் பக்கத்து மேசைப் பெண் பிரியா சாப்பாட்டைத் தொடாமல் போனையே முறைத்துக்கொண்டிருந்தாள். வீட்டில் யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டதோ என்று பயந்துபோய் விசாரித்தேன். அப்படியெல்லாம் ஒன்றுமில்லையாம். போனில் அவள் ஆடும் சீட்டு விளையாட்டில், மாதக்கணக்கில் பாடுபட்டுச் சேர்த்த ஒரு டிராகன் சீட்டின் பலத்தைத் திடீரென்று குறைத்துவிட்டார்களாம். "அப்டேட்ல மாத்திட்டாங்க மேடம், ஒரே பேஜார்" என்றாள். ஆடுகிறவர்களை ஒரு வார்த்தை கேட்கவில்லையா என்றேன். இவளுக்கு என்ன ஆச்சு என்பதுபோல் என்னைப் பார்த்துவிட்டு, ஆறிப்போன சித்ரான்னத்தைப் பிசைய ஆரம்பித்தாள்.

எனக்கோ பழைய ஞாபகம் வந்துவிட்டது. நீங்கள் நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி, ஒரு சீட்டின் விதியை மாற்றலாமா கூடாதா என்று ஒரு ரயில் பெட்டியே இரண்டு கட்சியாகி மல்லுக்கு நின்றதை நான் பார்த்திருக்கிறேன். நடுவில் உட்கார்ந்து தீர்ப்பு சொன்ன மகராசி நான்தான். ஆடத் தெரியாதவர்களுக்குத்தானே அந்த உத்தியோகத்தைக் கொடுப்பார்கள்.

கோலார் தங்கவயலில் சுரங்கத்தை மூடிய பிறகு எங்கள் ஜனங்களுக்கு மிச்சமிருந்த வேலை ரயில் ஏறுவதுதான். விடிவதற்குள் சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனில் நின்றால் அலுவல் நேரத்துக்குப் பெங்களூர். திரும்பி வந்து இறங்கும்போது தங்கம் பிரித்தெடுத்து ஒதுக்கிய சயனைடு மண்மேடு இருட்டில் கரைந்திருக்கும். போக வர அத்தனை நேரம் என்ன செய்வது? பாதிப் பேர் தூங்குவார்கள், பாதிப் பேர் ரம்மி ஆடுவார்கள். பேத்தமங்களா கொய்யாப்பழத்தை மிளகாய்ப்பொடி தொட்டுத் தின்றுகொண்டு ஊர்வம்பு பேசுகிற மூன்றாவது கூட்டமும் உண்டு. நான் அந்தக் கூட்டத்தில் ஆயுள் உறுப்பினர்.

அதே பெட்டியில் அசோகன் வருவான். பெங்களூரில் ஒரு அச்சகத்தில் வேலை. மையும் மெஷின் துடைக்கிற மண்ணெண்ணெயும் கலந்த ஒரு வாசனை அவனுக்கு முன்னால் வந்து இடம் பிடிக்கும். இன்றைக்கும் கல்யாணப் பத்திரிகை வந்தால் முதலில் மோந்துதான் பார்க்கிறேன். வீட்டில் இதற்காகக் கேலி செய்கிறார்கள், செய்யட்டும். விசிட்டிங் கார்டு அட்டை வெட்டியதில் மிஞ்சும் ஓரத் துண்டுகளை அவன் பையில் போட்டுக்கொண்டு வருவான். அதில்தான் எங்கள் விளையாட்டு பிறந்தது. விதிகள் அவனுடையவை. படங்கள் செல்வியுடையவை. செல்வி துணி ஃபேக்டரியில் கட்டிங் செக்‌ஷனில் இருந்தாள், கையில் பேனா கிடைத்தால் சும்மா இருக்கமாட்டாள். இருவருக்கும் ஒரே லைனில், சுரங்கத் தொழிலாளர் குடியிருப்புத் தெருவில், எதிரெதிர் வீடு. அவன் வீட்டுக் கூடத்தில் புத்தர் படம், அவள் வீட்டுக் கூடத்தில் அங்காளம்மன் படம். கதவு திறந்திருந்தால் புத்தரும் அம்மனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள் என்று நாங்கள் கிண்டல் செய்வோம்.

விளையாட்டு இதுதான். ஒவ்வொருவரிடமும் சொந்தமாக ஒரு கட்டு இருக்கும். அதில் ஆள் சீட்டுகள்: பாறை துளைக்கிற டிரில்லர், மரக்கட்டை முட்டுக்கொடுக்கிற டிம்பர்மேன், மேஸ்திரி இப்படி. ஆட்களைக் கீழே லெவலுக்கு இறக்க வேண்டும். ஆழம் போகப் போகத் தங்கம் அதிகம். நடுவில் கவிழ்த்து வைத்த அடுக்கிலிருந்து ஆளுக்கொரு சீட்டைத் திருப்புவார்கள். 'ஏர் பிளாஸ்ட்' வந்தால், அதாவது பாறை வெடித்துச் சரிந்தால், கீழே இருக்கிற ஆளெல்லாம் போச்சு. அந்தச் சீட்டுகள் திரும்பக் கைக்கு வராது. வேண்டுமானால் பக்கத்து சீட்காரரிடம் பேரம் பேசி வேறு சீட்டு மாற்றிக்கொள்ளலாம். இந்தப் பேரத்துக்காகவே பக்கத்துப் பெட்டியிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். செல்வி மேஸ்திரிக்குத் தடித்த மீசை வரைந்ததற்கு, மீசையே இல்லாத ஒரு ரிட்டயர்டு மேஸ்திரி இரண்டு ஸ்டேஷன் தூரம் சண்டை போட்டார். தன் உத்தியோகத்தையே கேவலப்படுத்திவிட்டார்களாம்.

ஒரு குறை இருந்தது. கீழே இறங்கின ஆள் மாட்டிக்கொண்டால் தப்பவே வழியில்லை. அதைச் சரிக்கட்ட அசோகன் ஒரு புதுச் சீட்டு கொண்டுவந்தான். ஷிப்டு மாத்துற சீட்டு. அதை வைத்தால் உங்கள் ஆள் மேலே வந்துவிடுவான், எதிராளியின் ஆள் ஒருவன் அவனுக்குப் பதிலாகக் கீழே போக வேண்டும். சுரங்கம் இருந்தவரை எங்கள் ஊரில் ஷிப்டு மாற்றிக்கொள்வது தண்ணீர் கடன் வாங்குகிற மாதிரி. எனக்குக் கல்யாணம், நீ போ; உனக்குக் காய்ச்சல், நான் போறேன். அந்தப் பழக்கத்தை அப்படியே சீட்டாக்கிவிட்டோம். ஜனங்களுக்கு அது ஒன்றே போதுமென்று ஆகிவிட்டது. அதை வைக்கும்போது பெட்டியே கைதட்டும்.

எங்கள் புத்தியை எதைக்கொண்டு அடிப்பது? செல்வியின் அப்பா ஏர் பிளாஸ்டில் போனவர். அவர் அன்றைக்கு இறங்கினது அவருடைய ஷிப்டு இல்லை, அசோகனுடைய அப்பாவின் ஷிப்டு. இது லைன் முழுக்கத் தெரிந்த சங்கதி. ரகசியம் ஒன்றும் இல்லை. தெரியாதது ஒன்றுதான்: கேட்டு ஒத்துக்கொண்டு போனாரா, இல்லை, ஆள் வரவில்லை என்று மேஸ்திரி பிடித்துத் தள்ளினானா. செல்வியின் அம்மா தள்ளிவிட்டார்கள் என்றே சொல்வார். எதிர்வீட்டுக்கும் அவர்களுக்கும் குழம்பு போக வர இருந்தது, ஆனால் அந்தக் கேள்வி மட்டும் தெருவைத் தாண்டினதில்லை. இத்தனையும் தெரிந்திருந்த அசோகனுக்கும் எனக்கும், விளையாட்டு மும்முரத்தில் அது நினைவிலேயே வரவில்லை.

அந்தச் சீட்டுக்குச் செல்விதான் படம் வரைந்தாள். ஒருவன் நெற்றி விளக்கைக் கழற்றிக் கொடுக்கிறான், இன்னொருவன் வாங்குகிறான். கொடுக்கிறவனுக்கு முகம் இருந்தது. வாங்குகிறவன் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். அரைகுறையாக இருக்கிறது, முகத்தைத் திருப்பி வரை என்று அசோகன் நச்சரித்தான். வரமாட்டேன் என்கிறது என்று அவள் தட்டிக் கழித்துக்கொண்டே இருந்தாள்.

ஒருநாள் திரும்பும் ரயிலில் யாரோ ஒரு பையன், முன்பின் தெரியாதவன், செல்வியின் டிம்பர்மேன் மேல் அந்தச் சீட்டை வைத்தான். "போடி போ, உன் ஆளு பாதாளத்துக்கு" என்று சிரித்தான். அடுத்த திருப்பலில் ஏர் பிளாஸ்ட். கைதட்டல். செல்வி தன் கட்டை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலையே பார்த்தாள். பங்காரப்பேட்டை தாண்டியதும் அசோகனிடம் திரும்பி, விதியை மாற்ற வேண்டும் என்றாள். கீழே போகிறவனைக் கேட்க வேண்டும். அவன் சரி என்றால்தான் மாற்றலாம், மாட்டேன் என்றால் சீட்டை எடுத்துக்கொள்ள வேண்டும்.

அசோகனுக்கு முகம் சுருங்கிவிட்டது. விளையாட்டு படுத்துவிடும் என்றான். தோற்பதற்கு எவன் சரி சொல்வான், அப்புறம் அந்தச் சீட்டு எதற்கு? சுற்றி இருந்தவர்களும் அவன் பக்கமே சேர்ந்தார்கள். செல்வி குரலை உயர்த்தவில்லை. கேட்காமல் அனுப்புவது தப்பு என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"ஒத்துக்கினா அவனுக்கு இன்னா லாபம், சொல்லு" என்றான் அசோகன்.

"லாபம் இல்லாம ஒத்துக்கினவங்க இருந்திருப்பாங்க இல்ல. இல்லன்னு உனக்குத் தெரியுமா?"

அவன் கையிலிருந்த சீட்டுகளைக் கவிழ்த்து வைத்தான். அப்போதுதான் எனக்கும் உறைத்தது. தின்றுகொண்டிருந்த கொய்யாப்பழத்தைப் பையில் போட்டுக்கொண்டேன். விவரம் தெரியாத யாரோ, விளையாட்டுக்குப் போய் இவ்வளவா என்று அலுத்துக்கொண்டார்.

அதற்கப்புறம் வந்த நாட்கள் நரகம். இருவரும் எதிரெதிரே உட்கார்வார்கள், என் மூலமாகத்தான் பேசிக்கொள்வார்கள். பெட்டியில் கேட்கணும் கட்சி, கேட்கவேண்டாம் கட்சி என்று ஆகி, பேரம் நின்று, ரம்மிக்காரர்கள் எங்கள் இடத்தைப் பிடிக்க ஆரம்பித்தார்கள். கடைசியில் நான்தான் சொன்னேன்: ஞாயிற்றுக்கிழமை புது விதியை வைத்து ஒரு ஆட்டம் ஆடிப் பார்ப்போம், சரிவராவிட்டால் விட்டுவிடுவோம். நடுவராக இருந்த காலத்தில் நான் செய்த உருப்படியான காரியம் இதுதான். எங்கே ஆடுவது என்று மட்டும் யோசிக்கவில்லை. அசோகன் வீட்டில் பெரிய பாய் இருக்கிறது என்று அங்கேயே போனோம்.

அசோகனின் அப்பா ஓரத்தில் கட்டிலில் படுத்திருந்தார். நெஞ்சில் கல்தூசி. இருமினால் கட்டில் ஆடும். நாங்கள் பாட்டுக்குப் பாயில் சீட்டைப் பரப்பினோம். பாதி ஆட்டத்தில் அசோகனின் ஆள் அடி லெவலில் மாட்டிக்கொண்டான். கையில் அந்தச் சீட்டு இருக்கிறது என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது. ரொம்ப நேரம் யோசித்தான். பிறகு வைத்தான். புது விதிப்படி வாயால் கேட்க வேண்டும்.

"செல்வி, ஷிப்டு மாத்திக்கிறியா?"

கட்டிலில் இருமல் நின்றது. அவர் முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார். எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. அசோகன் சீட்டை எடுக்கக் கை நீட்டினான். செல்வி அவன் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்திவிட்டு, அவரைப் பார்த்தாள்.

"பெரிப்பா, எங்கப்பாவ நீங்க கேட்டீங்களா?"

இத்தனை வருஷம் தெருவைத் தாண்டாத கேள்வி. அவர் மூச்சு வாங்கினார்.

"கேட்டேன்மா. நந்திதுர்க் கிரவுண்டுல ஃபுட்பால் பைனல். மேட்ச் பாக்கணும், எனக்குப் பதிலா எறங்கறியான்னு கேட்டேன். வாயில வெத்தல. தலைய மட்டும் ஆட்டிட்டு வெளக்க வாங்கிக்கினான்."

செல்வி அழுவாள் என்று நினைத்தேன். அவள் அழவில்லை. ஒன்று மட்டும் கேட்டாள்.

"மேட்ச்சுல யாரு ஜெயிச்சாங்க?"

"தெரியாதும்மா. பாதியில சங்கு ஊதிடிச்சி."

விபத்துச் சங்கு ஊதினால் எங்கள் ஊரில் அடுப்பில் இருக்கிறது அடுப்பிலேயே கிடக்கும், எல்லாரும் சுரங்கத்துக்குள் இறங்குகிற ஷாப்ட் வாசலுக்கு ஓடுவார்கள். கிரவுண்டே எழுந்து ஓடியிருக்கும். அதில் ஒருவர் இவர். இவருக்கு மட்டும் கீழே யார் இருக்கிறார்கள் என்று நிச்சயமாகத் தெரிந்திருக்கும். அதை நினைத்தபோது எனக்குத்தான் கண் கலங்கியது.

செல்வி தன் டிம்பர்மேனை எடுத்து அடி லெவலில் வைத்தாள். சரி என்றாள். அசோகன் வேண்டாம், நான் கேட்கவே இல்லை, எடுத்துக்கொள்கிறேன் என்று பதறினான். வைத்த சீட்டை எடுக்கக்கூடாது என்று அவள் என்னைப் பார்த்தாள். நடுவர் சொல்ல வேண்டுமே. வைத்தது வைத்ததுதான் என்றேன். அடுத்து அடுக்கிலிருந்து சீட்டைத் திருப்ப வேண்டியது அசோகன். அவன் கை அடுக்கின் மேலேயே இருந்தது. திருப்பவில்லை. அது என்ன சீட்டு என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. செல்விதான் எல்லாவற்றையும் வாரிச் சேர்த்தாள். கட்டிலில் இருந்தவருக்கு வெந்நீர் கொண்டுவரச் சொல்லி அசோகனை விரட்டினாள்.

மறுவாரம் படத்தை மாற்றி வரைந்து வந்தாள். வாங்குகிறவன் திரும்பி நின்றான். ஒரு பக்கக் கன்னம் வெற்றிலையால் உப்பியிருந்தது.

கேட்கிற விதி நிலைத்துவிட்டது. அசோகன் பயந்த மாதிரி சீட்டு படுத்துவிடவும் இல்லை. பாதிப் பேர் மாட்டேன் என்றார்கள்தான். ஆனால் சரி என்றவர்களும் இருந்தார்கள். எதிர் சீட்டில் தினம் முகம் பார்க்கிற மனுஷன் வாய்விட்டுக் கேட்கும்போது இல்லை என்று சொல்ல நாக்கு எழவில்லை போலும்.

பிறகு ஒவ்வொருவர் கையிலும் போன் வந்தது. அவரவர் குனிந்துகொண்டார்கள். அசோகன் வேலை செய்த அச்சகத்தை மூடினார்கள், அவன் கூரியர் கம்பெனியில் சேர்ந்ததும் அவன் ரயில் நேரம் மாறிப்போனது. செல்வி கல்யாணமாகி ஓசூருக்குப் போனாள், அம்மாவையும் பின்னோடு அழைத்துக்கொண்டாள். சீட்டுகளை ஒரு மழைக்காலத்தில் கரையான் தின்றுவிட்டது.

போன வருஷம் அசோகனின் அப்பா போய்ச்சேர்ந்தார். சேதி கேட்டு நான் போனபோது கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். பல நாள் ஆஸ்பத்திரியில் கண் விழித்த அசோகன் தலைமாட்டில் உட்கார்ந்தபடியே சாய்ந்து சாய்ந்து விழுந்துகொண்டிருந்தான். படு என்று எல்லாரும் சொன்னார்கள், கேட்கவில்லை. செல்வி ஓசூரிலிருந்து பஸ் பிடித்து வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு நேராக அவன் பக்கத்தில் போய் நின்றாள்.

"நீ உள்ள போயி கொஞ்ச நேரம் படு, அசோகா. உனக்குப் பதிலா நா உக்காந்துக்கிறேன்."

அவன் நிமிர்ந்து பார்த்தான். எழுந்து உள்ளே போனான். எடுக்கிற வரைக்கும் அவள்தான் அந்தத் தலைமாட்டில் இருந்தாள், ஈ ஓட்டிக்கொண்டு.

நாங்கள் மூன்று பேரும் ஒரே இடத்தில் இருந்தது அதுவே கடைசி. காரியம் முடிந்ததும் அசோகன் பெங்களூருக்கே குடிபோய்விட்டான். இப்போது அந்த லைனில் எதிரெதிர் வீடு இரண்டும் பூட்டிக் கிடக்கின்றன.