மேனேஜர் படிக்காமல் கையெழுத்துப் போட்ட கம்ப்யூட்டர் செய்தி

பிளாப்பிகளைக் கெடுத்தது நான் இல்லை. அதை ஊர் கேட்கச் சொல்ல எனக்கு ஒரு வருடம் ஆயிற்று. சொன்ன விதத்துக்காக இன்றுவரை நான் வருத்தப்பட்டதில்லை.

ராயபுரத்தில், துறைமுகத்துக்குப் பக்கத்துத் தெருவில், வெளிநாட்டுச் சரக்கைச் சுங்கத்திலிருந்து விடுவித்துக் கொடுக்கும் ஓர் ஏஜென்சியில் டைப்பிஸ்டாக இருந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்தவள் நான்தான். அப்பா துறைமுகத்தில் மூட்டை இறக்கினார். அம்மா காசிமேட்டில் ஒரு கம்பெனிக் கொட்டகையில் இறால் உரித்தாள். டோல்கேட் பக்கம் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்துவிட்டு நான் வேலைக்கு வந்தபோது, அந்த ஆபீஸில் இரண்டு கம்ப்யூட்டர்கள் இருந்தன. இரண்டையும் முழுதாகத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். மேனேஜருக்கு அதை ஆன் செய்யத் தெரியும். அணைப்பதென்றால் என்னைக் கூப்பிடுவார்.

முதலாளி வண்ணாரப்பேட்டை பாய். ஆனாலும் ஆயுத பூஜைக்கு ஆபீஸை எங்களிடம் விட்டுவிட்டு, பூஜை முடிந்ததும் வந்து பொரியும் சுண்டலும் எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவார். அந்த வருடம் பூஜையை மேனேஜர் நடத்தினார். ஸ்டேப்ளர், ரப்பர் ஸ்டாம்ப், மானிட்டர் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தார். பிறகு பிளாப்பிப் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்தார். முடிந்த வேலைகளைப் பிளாப்பியில் ஏற்றிவிட்டுக் கம்ப்யூட்டரில் அழித்துவிடுவோம். அதில் இடம் அவ்வளவு குறைவு. ஒரு வருட ஆவணங்கள் அந்தப் பெட்டியில்தான் இருந்தன. பிளாப்பியின் நகரும் தகட்டின் மேல், நெற்றியில் வைப்பதுபோல நடுவில் பொட்டு வைத்தார்.

"சார், அந்தத் தகடு மேல வெக்காதீங்க. உள்ள பூந்துச்சின்னா டிரைவே போயிடும்" என்றேன்.

"சரஸ்வதிக்கே நீ பாடம் எடுக்கிறியா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

விடுமுறை முடிந்து வந்ததும், நான் வருவதற்குள் அவரே ஒரு பிளாப்பியைப் போட்டிருக்கிறார். கரகரவென்று சத்தம் வந்திருக்கிறது. அது படிக்கவில்லை என்று அடுத்தது, அதற்கடுத்தது. பிறகு பெட்டியோடு தூக்கிக்கொண்டு இரண்டாவது கம்ப்யூட்டருக்குப் போயிருக்கிறார். காய்ந்த சந்தனம் உள்ளே போய் இரண்டு டிரைவும் வீண். போட்ட பிளாப்பி எல்லாவற்றிலும் கீறல்.

முதலாளி வந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் மேனேஜர் முந்திக்கொண்டார். "இந்தப் பொண்ணு ஈரக் கையோட தொட்டிருக்கா முதலாளி. எறா உரிக்கிற வூட்டுக் கை இல்லியா?"

வீடு என்று சொல்லத் தெரிந்தவர் 'வூட்டு' என்று சொன்னது எனக்காக. என் பேச்சை எனக்கே நடித்துக் காட்டுவது அவருக்குப் பொழுதுபோக்கு. முதலாளியும் எங்களைப் போலத்தான் பேசுவார்; அவர் பேசினால் யாரும் சிரித்ததில்லை. மதியம் முதலாளி அறைக்குப் போய், "நான் கெடுக்கல முதலாளி" என்றேன். அவர் போனில் இருந்தார். "சரி சரி, இனிமே பாத்து செய்ம்மா" என்று கையை அசைத்தார்.

கார்பன் காப்பிகளைப் பார்த்து ஒன்றரை மாதம் எல்லாவற்றையும் திரும்ப அடித்தேன். ஒவ்வொரு பக்கத்துக்கும் மேனேஜரை நினைத்துக்கொண்டேன்.

அதன் பிறகுதான் முதலாளிக்குக் கம்ப்யூட்டர் பற்றித் தெரிந்துகொள்ளும் ஆசை வந்தது. "வாராவாரம் இன்னா புச்சா வருதுன்னு ஒரு பக்கம் எழுதிக் குடு" என்று மேனேஜரிடம் சொன்னார். மேனேஜர் என்னிடம் தள்ளினார். இங்கிலீஷ் பேப்பரின் கம்ப்யூட்டர் பக்கத்தை அகராதி வைத்துப் படித்து நான் தமிழில் எழுதினேன். எந்த வைரஸ் சுற்றுகிறது, இலவச மெயிலில் எவ்வளவு இடம் தருகிறார்கள், இங்க் பிரிண்டர் வாங்கலாமா, டாட் மேட்ரிக்ஸே போதுமா. திங்கட்கிழமை அதன் அடியில் மேனேஜர் தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போடுவார். ஜெராக்ஸ் எடுத்து, தெருவிலும் பக்கத்திலும் உள்ள ஏஜென்சிகளுக்கெல்லாம் கொடுப்போம். கண்டெய்னர் யார்டில்கூடச் சுவரில் ஒட்டிவைத்தார்கள். அவரைப் பார்க்கிறவர்கள் வைரஸ் பற்றிக் கேட்பார்கள். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "அடுத்த வாரம் எழுதுறேன்" என்பார். இரண்டு மாதத்தில் படிப்பதை நிறுத்திவிட்டார். என் விரல் இருக்கும் இடத்தில் கையெழுத்து விழும்.

சுங்க ஆவணங்களை ஆன்லைனிலேயே அனுப்பலாம் என்ற செய்தியையும் நான்தான் எழுதினேன். முதலாளி உடனே முடிவெடுத்தார்: இன்டர்நெட் லைன், புதிதாக மூன்று கம்ப்யூட்டர், தனிப் பிரிவு, அதற்கு ஒரு பொறுப்பாளர். அது என் வேலை. எனக்கு மட்டுமே தெரிந்த வேலை.

"பிரிவு என் பொறுப்பில வருது. நீ எனக்குக் கீழ டைப் அடிச்சா போதும்" என்றார் மேனேஜர். "இவ்வளவு நாளா எழுதுறேன், முதலாளிக்குத் தெரியாதா?"

அதை என் முகத்தைப் பார்த்தே சொன்னார்.

மறுபடி ஆயுத பூஜை வந்தது. அந்த வாரம் நான்கு செய்திகள் எழுதினேன். காதல் கடிதம் என்று வரும் வைரஸ் மெயிலைத் திறக்காதீர்கள். சிடி ரைட்டர் விலை இறங்குகிறது. வைரஸ் தடுப்பை வாரம் ஒருமுறை புதுப்பியுங்கள். நான்காவது இது:

'பூஜையில் பிளாப்பிகளுக்குச் சந்தனம் வைக்காதீர்கள். சென்ற வருடம் டைப்பிஸ்ட் எச்சரித்தும் நான் வைத்தேன். ஒரு வருட ஆவணங்கள் பாழாயின. பழியை அந்தப் பெண்ணின் மேல் போட்டேன். அவள் கையில் ஈரம் இல்லை.'

விரலை வைத்தேன். கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடிவிட்டு, "மார்ஜின் கொஞ்சம் பெரிசா விடு" என்றார்.

அன்று ஜெராக்ஸை நானே எல்லா இடத்துக்கும் கொண்டுபோனேன். முதலாளி மேஜையில் கடைசியாக வைத்தேன். அவர் அறையிலிருந்து வெளியே வரும்போதே யார்டு கிளார்க் எங்கள் ஆபீஸ் வாசலில் நின்று கத்தினார்: "இன்னாம்மா, உங்க மேனேஜரு தானா ஒத்துக்கினாரே, ஒடம்பு கிடம்பு சரியில்லியா?"

மதியம் முதலாளி எங்கள் இருவரையும் கூப்பிட்டார். நான்காவது செய்தியைச் சத்தமாகப் படித்தார்.

"இன்னாப்பா, நீ எழுதுனதா இது?"

மேனேஜர் தாளை வாங்கிப் பார்த்தார். பல மாதங்களுக்குப் பிறகு அவர் முழுதாகப் படித்த முதல் செய்தி அதுவாகத்தான் இருக்கும். காது சிவந்தது. ஆமாம் என்றால் பிளாப்பியும் பொய்யும் அவருடையது. இல்லை என்றால் ஒரு செய்தியும் அவருடையது இல்லை. நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கொஞ்ச நேரத்தை நான் நிதானமாக அனுபவித்தேன்.

"இந்தப் பொண்ணு எழுதி ஏமாத்திட்டா முதலாளி."

"இத்த மட்டுமா, அல்லாத்தையுமா?"

மேனேஜர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

முதலாளி என் பக்கம் திரும்பினார். "ஊருக்கெல்லாம் குடுத்துட்டு எனக்குக் கடைசியா குடுக்கிறியே, இது நாயமா? மொதல்ல எங்கிட்ட வந்து சொல்ல வேணாம்?"

"போன வருசம் வந்து சொன்னேன் முதலாளி. பாத்து செய்ம்மான்னீங்க."

முதலாளி மேனேஜர் கையிலிருந்து தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "புச்சு பிரிவை நீயே பாத்துக்கோ. ஆனா இனிமே உன் பேரைப் போட்டே எழுது. எவன் தலையிலும் கட்டாத" என்றார்.

புதிய கம்ப்யூட்டர்கள் வந்ததும் எல்லாருக்கும் பயிற்சி கொடுக்கச் சொன்னார். மேனேஜர் கடைசி நாற்காலியில் உட்காரப் போனார். முன் நாற்காலியைக் காட்டினேன். ஒரு வரி மெயில் அடித்து முதலாளிக்கு அனுப்பச் சொன்னேன். ஒற்றை விரலால் எழுத்துகளைத் தேடினார். முகவரியில் வரும் சுழித்த 'அட்' குறி கிடைக்காமல் கீபோர்டின் மேல் குனிந்தார். மற்றவர்கள் முடித்துவிட்டு அவரைப் பார்த்தார்கள். என்னை நிமிர்ந்து பார்த்தார். கேட்கவில்லை.

இரண்டாம் எண் இருக்கும் விசையின் மேலேயே இருந்தது அது. ஷிப்டை அழுத்த வேண்டும், அவ்வளவுதான். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"தேடுங்க சார், மெதுவா தேடுங்க. இன்னா அவசரம்?" என்றேன்.