மிரியாமுக்காகக் காத்திருந்தவர்கள்

யாழ்ப்பாணத்தில் பிறந்து, கனடாவின் மல்வேர்னில் வாழ்ந்து, சென்ற ஆண்டு எங்களைப் பிரிந்த அக்காவைப் பற்றி எழுதும் பொறுப்பை அத்தான் என்னிடம் தந்தார். பெரியண்ணைக்கு அடுத்தவர் அக்கா, கடைசி நான்.

போரால் அக்காவின் படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றது. கனடா வந்து தொழிற்சாலையில் பொதி கட்டினார். முதுகு நோகத் தொடங்கியதும் முதியோரை வீடுகளில் பராமரிக்கும் வேலைக்கு மாறினார். இரண்டு பஸ் ஏறி, பாதர்ஸ்ட் வீதியில் தனித்திருந்த யூத அம்மையார் ஒருவரிடம் ஒன்பது ஆண்டுகள் போனார்.

யூதர்கள் தங்கள் வேதமான தோராவை வாரத்துக்கு ஒரு பகுதியாக ஆண்டு முழுவதும் வாசிப்பார்கள். அம்மையாருக்குப் பார்வை மங்கியிருந்ததால், வெள்ளி மதியங்களில் அவ்வாரப் பகுதியை ஆங்கிலத்தில் வாசித்துக் காட்டுவார் அக்கா. தலை முழுகி, திருநீறு பூசிக்கொண்டுதான் போவார். எழுத்துக்கூட்டித் தொடங்கியவர், பின்னர் அம்மையாரோடு வாதாடும் அளவுக்குத் தேறினார்.

ஒரு வெள்ளிக்கிழமை மிரியாமின் கதை வந்தது. மக்களை வழிநடத்திய தம்பி மோசேயைக் குறைவாகப் பேசியதால் அவள் மேனியில் நோய் வெண்மையாய்ப் படர்ந்தது. ஏழு நாள், எல்லோரும் கூடாரமிட்டிருந்த பாளையத்துக்கு வெளியே வைக்கப்பட்டாள். பாலைவனத்தில் பயணம் செய்த மக்கள் அத்தனை பேரும் அவள் திரும்பும்வரை நகரவில்லை.

“குற்றம் அவளுடையதுதான். ஆனாலும் காத்திருந்தார்கள்,” என்ற அம்மையார், “உன் வீட்டில் யாராவது வெளியே நிற்கிறார்களா?” என்று கேட்டாராம்.

நின்றவள் நான். அப்பாவின் முப்பத்தோராம் நாள் கிரியையான அந்தியேட்டியன்று, உறவினர் நடுவில், “அப்பா செத்தது நீங்கள் பாக்காமல் விட்டதாலைதான்,” என்று பெரியண்ணையிடம் சொன்னேன். அது பொய். அப்பாவைக் கடைசிவரை குளிப்பாட்டியவர் அவர்தான். அதன்பின் ஆறு ஆண்டுகள் அஜக்ஸிலுள்ள என் வீட்டுக்கு அக்காவின் தொலைபேசி அழைப்பு மட்டுமே வந்தது. நானாகப் போய் மன்னிப்புக் கேட்கத் துணிவில்லை.

அந்த மாதம் அக்காவின் மகளுக்குத் திருமணப் பேச்சு முற்றானது. நாள் வைக்கக் கூடியபோது அக்கா மறுத்துவிட்டார்.

“அவள் வராமல் நாள் வைக்கேலாது.”

“பிழை அவளிலை. நான் ஏன் போறது?” என்றார் பெரியண்ணை.

“ஓம் அண்ணை, பிழை அவளிலைதான். அதுக்காக அவளை விட்டிட்டுப் போறதோ?”

மாப்பிள்ளை வீட்டார் முகம் சுளித்தனர். அத்தான் கெஞ்சினார். மகள் அழுதாள். இரண்டு மாதம் அக்கா அசையவில்லை.

ஒரு ஞாயிறு காலை என் வாசலில் பெரியண்ணை நின்றார்.

“கொக்கா நீ வராமல் நாள் வைக்கமாட்டாளாம். வெளிக்கிடு.”

“அண்ணை, நான் அண்டைக்குச் சொன்னது பொய்.”

“அது எனக்குத் தெரியும். சப்பாத்தைப் போடு.”

ஆவணியில் திருமணம் நடந்தது. அம்மையாரும் சக்கர நாற்காலியில் வந்து வாழ்த்தினார். அடுத்த ஆண்டு அவர் காலமானார்.

அக்காவைப் புற்றுநோய் வருத்தியபோது பெரியண்ணையும் நானும் முறைவைத்துப் பார்த்தோம். கஞ்சி பருக்குவது அவர், தலை வாருவது நான். யார் அதிக நேரம் இருப்பதென்று நாங்கள் பிடித்த சண்டையைக் கேட்டு அக்கா கண்மூடியபடி சிரிப்பார். ஒரு விடியலில், நாங்கள் இருவரும் அருகிருக்க, அமைதியாக மூச்சு நின்றது.

மருத்துவர்களுக்கும் தாதியருக்கும், சமைத்து அனுப்பிய மல்வேர்ன் அயலவர்க்கும், கிரியைகள் முடியும்வரை மண்டபத்தின் கடைசி வரிசையில் இருந்த அம்மையாரின் மகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

பெரியண்ணைக்கு என் நன்றி. அன்று வாசலில் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.