சம்மதம் அமுக்கியது என் விரல்

உடப்புசல்லாவை டவுனில் போன் கடை வைத்திருக்கிறேன். புதுப் போன் வாங்குகிறவர்களுக்கு வேண்டியதையெல்லாம் போட்டுக்கொடுப்பதும் நான்தான். நடுவில் நாலு பக்கத்துக்கு இங்கிலீசு எழுத்து வரும். அடியில் சம்மதமா என்று ஒரு கட்டம் இருக்கும். பதினொரு வருஷத்தில் அதைப் படித்துச் சொல்லு என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை; நானும் படித்ததில்லை. அமுக்கிவிட்டுப் போனை நீட்டுவேன். அம்மாக்கண்ணு அக்காவுக்கும் அப்படித்தான் அமுக்கினேன். அந்த வெட்கத்தோடுதான் அவரைப் பற்றி எழுதுகிறேன்.

அக்கா பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தின் பிள்ளைக்காம்பராவில் ஆயம்மா. தாய்மார் கொழுந்து பறிக்க மலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப்போகும் இடம் அது. இருபத்திரண்டு வருஷமாக அங்கே அவர் வைத்ததுதான் சட்டம். காலையில் பிள்ளையைக் கையில் வாங்கும்போதே, "அந்திக்கு யாரு வந்து தூக்குவாங்க?" என்று கேட்பார். தாய் சொன்ன ஆளைத் தவிர வேறு யார் வந்தாலும் பிள்ளை கிடையாது. ஒருமுறை கொட்டும் மழையில் வந்து நின்ற சொந்தத் தகப்பனையே வாசலில் நிறுத்தினார். "அவ ஒம் பேரைச் சொல்லலியேப்பா" என்றாராம். தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா வந்து பேசியும் பிள்ளை வெளியே வரவில்லை. தாய் வந்து தலையாட்டிய பிறகுதான் வந்தது.

மூன்று வருஷத்துக்கு முன் அவருடைய போனில் தாய்மாருக்கான ஓர் இணையத்தளத்தைப் போட்டுக்கொடுத்தேன். எங்கெங்கோ இருக்கிற பெண்கள் தமிழில் கேள்வி எழுதுவார்கள். தெரிந்தவர்கள் பதில் எழுதலாம். அக்காவுக்கு அது பெரிய சந்தோஷம். மத்தியானம் பிள்ளைகள் தூங்கும் நேரமெல்லாம் எழுதி, நானூறு பதிலைத் தாண்டிவிட்டார். தொட்டில் கட்டுவது முதல் பால் மறக்கடிப்பது வரை அவருக்குத் தெரியாதது என்ன இருக்கிறது.

போன வருஷம் அந்தத் தளத்தில் இயந்திரமே பதில் சொல்லத் தொடங்கியது. அதே தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் ஜீவராணியின் இரண்டு வயது மகளுக்கு அவ்வப்போது வலிப்பு வரும். அவள் ஒருநாள் அந்த இயந்திரத்திடம் கேட்டிருக்கிறாள். வந்த பதில் இது: "பயப்படாத தங்கம். புள்ளைய ஒருக்களிச்சுப் படுக்க வை. வாயில எதையும் வைக்காத. எங்க தோட்டத்துலயும் ஒரு பொம்பளப் புள்ளைக்கு இப்படித்தான். அவ அம்மா மாமியாருக்குத் தெரியாம வலப்பனைக்குக் கொண்டுபோயி மருந்து எடுக்கிறா."

ஜீவராணி கொழுந்துக் கூடையோடு பிள்ளைக்காம்பராவுக்கு வந்து போனை நீட்டினாள்.

"இது எம் புள்ள கதைதானே ஆயம்மா? ஒங்ககிட்ட மட்டுந்தானே சொன்னேன்."

மறுநாள் அந்தப் பிள்ளை வரவில்லை. கீழ் லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் தன் கூடப்பிறந்த அக்காள் வீட்டில் ஜீவராணி விட்டுவிட்டுப் போனாள். வலிப்பு வந்தால் என்ன செய்வதென்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

அன்றைக்கே அம்மாக்கண்ணு அக்கா பஸ் ஏறிக் கடைக்கு வந்துவிட்டார். முகம் கறுத்திருந்தது.

"முனீரா, அதை எழுதுனது நான்தான். எங்கயோ அழுத ஒருத்திக்குத் தைரியம் சொல்ல எழுதுனேன். பேரு போடலங்கிறது ஒரு சாக்கா? அந்தத் தப்பு என்னோடது. ஆனா அதை அள்ளிக்கிட்டுப் போயி எங் கொரல்லயே ஊருக்கெல்லாம் சொல்லச் சொல்லி நான் யாருக்குக் குடுத்தேன்?"

அந்தத் தளத்தை நடத்தும் கம்பனிக்குக் கடிதம் எழுதினேன். பதில்களை இயந்திரத்துக்குக் கற்பிக்கப் பாவனையாளர் ஏற்கெனவே சம்மதம் தெரிவித்துள்ளார் என்று இரண்டு வரிப் பதில் வந்தது. என் விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா, "போனைப் போடு" என்றார்.

கொழும்பிலிருந்து மதுரன் என்ற அதிகாரி பேசினார். மரியாதையான பிள்ளை.

"அம்மா, நீங்க சம்மதம்னு அழுத்தியிருக்கீங்களே."

"அமுக்குனது முனீரா வெரலு. புள்ள ஜீவராணியோடது. இதுல எஞ் சம்மதம் எங்க தம்பி இருக்கு?"

பிறகு அவர், அக்காவின் பதில்கள்தான் அந்தத் தளத்திலேயே சிறந்தவை என்றார். பெயரோடு படமும் போட்டு, சான்றிதழும் தருவதாகச் சொன்னார்.

"எனக்குப் படம் எதுக்கு? அந்தக் கதைய எடுங்க."

"தளத்துல இருந்து எடுத்துரலாம் அம்மா. ஆனா இயந்திரம் அதை ஏற்கெனவே படிச்சிருச்சு. படிச்சதைத் திருப்பி எடுக்கிறது லேசில்ல."

அக்கா போனை வாய்க்கு இன்னும் கிட்டக் கொண்டுபோனார்.

"ஒரு புள்ளைய நான் தப்பான ஆளுகிட்டத் தூக்கிக் குடுத்துட்டேன்னு வைங்க தம்பி. குடுத்தாச்சு, இனி லேசில்லன்னு குந்தியிருப்பேனா? போயித் தூக்கிட்டு வருவேன். நீங்களும் போயித் தூக்கிட்டு வாங்க."

அன்றிலிருந்து தினமும் மத்தியானம் ஜீவராணி கேட்ட அதே கேள்வியை அக்கா இயந்திரத்திடம் கேட்பார். அது சொல்வதை எனக்கு அனுப்புவார். நான் அதை ஒட்டி, இன்றைக்கும் இருக்கிறது என்று ஒரு வரி எழுதிக் கம்பனிக்கு அனுப்புவேன். கடைக்கு வருகிறவர்கள் சிரித்தார்கள். மலையோடு முட்டுகிறாளாம் என்றார்கள். சிரிக்கட்டும் என்று விட்டேன். இந்த மலையில் எதைத்தான் எங்களுக்குக் கேட்காமல் கொடுத்தார்கள்? அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்.

முப்பத்தேழாம் நாள் இயந்திரம், பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று மட்டும் சொன்னது. தங்கம் இல்லை, மாமியார் இல்லை, வலப்பனை இல்லை. மதுரனும் எழுதியிருந்தார்: அக்காவின் பதில்கள் அத்தனையையும் விலக்கிவிட்டு இயந்திரத்துக்கு மறுபடி கற்றுக்கொடுத்திருக்கிறார்களாம். நானூறு பதிலும் போயிற்றே என்று எனக்குத்தான் மனசு அடித்துக்கொண்டது. அக்காவுக்கு அந்தக் கவலையே இல்லை.

"கேக்க வேண்டியவங்க நேர்ல வந்து கேக்கட்டும்" என்றார்.

இப்போது என் கடையில் அந்த நாலு பக்கத்தையும் முக்கி முனகி வாசித்துச் சொல்கிறேன். அமுக்குவது வாங்கியவர்தான். வரிசை நீளுகிறதென்று பலருக்குக் கோபம். நிற்கட்டும்.

இயந்திரம் மாறிய செய்தியை அக்கா தேடிப்போய் ஜீவராணியிடம் சொன்னார். தன் தப்புக்கு மன்னிப்பும் கேட்டார். அவள் கேட்டுவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போய்விட்டாளாம். இரண்டு நாள் கழித்துக் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு முன், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பிள்ளைக்காம்பரா வாசலில் நின்றாள். அக்காவுக்குப் பழக்கம் விடவில்லை.

"அந்திக்கு யாரு வந்து தூக்குவாங்க?"

ஜீவராணி பிள்ளையை நீட்டினாள். "நான் வருவேன் ஆயம்மா. வேற யாரு கேட்டாலும் குடுக்காதீங்க."